97 பகா எண் என்று எப்படித் தெரியும்?

(அய்யலூரில் நடந்த கணித ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தை வியாழக்கிழமை வைக்காததற்கு ஏற்பாட்டாளர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். வியாழன் அய்யலூரில் ஆட்டுச்சந்தை நாள். அன்று இந்த ஊருக்குள் வண்டி நுழைவதே பெரும்பாடு. நான் இன்று பேசப்போகும் விஷயமும் அந்தச் சந்தையோடு சம்பந்தப்பட்டதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். அவன் அப்பா ஆட்டு வியாபாரி. வியாழக்கிழமைகளில் பையன் பெரும்பாலும் பள்ளிக்கு வரமாட்டான். அப்படி ஒரு வியாழனன்று பகா எண்கள் பாடம் நடந்து முடிந்தது. அடுத்த வாரம் ஒரு சிறு தேர்வு. ‘90க்கும் 100க்கும் இடையே உள்ள பகா எண்களை எழுதுக’ என்ற வினாவுக்கு அவன் 91, 97 என்று இரண்டு எண்கள் எழுதியிருந்தான். நான் 91ஐச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 7 × 13 என்று எழுதிக் கொடுத்தேன்.

அவன் விடைத்தாளோடு என் மேசைக்கு வந்தான். “சார், 91ஐ நீங்க பிரிச்சுட்டீங்க. 97ஐயும் நாளைக்கு யாராச்சும் இந்த மாதிரி பிரிச்சுட்டா?” என்று கேட்டான்.

நான் சொன்ன பதில் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. “அதெல்லாம் பிரிக்க முடியாது. புத்தகத்துல பட்டியல் இருக்கு பார், அத மனப்பாடம் பண்ணு.” அவன் போய் உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அவன் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. ஓர் எண்ணைப் பிரித்துக் காட்டிவிட்டால் அது பகு எண் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பிரிக்க முடியாது என்பதற்குச் சாட்சி எது? ‘நான் முயன்றேன், முடியவில்லை’ என்பது சாட்சி ஆகாது. இந்த ஒரு கேள்வியைத் தொடர்ந்து போனால் நம் ஆறாம் வகுப்புக் கரும்பலகையிலிருந்து கான்பூர் ஐ.ஐ.டி. வரை போகலாம். அந்த வழியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து நடக்க விரும்புகிறேன்.

நான்கு வகுத்தல்கள் போதும்

முதலில், அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். 91 ஆடுகளை 7 வரிசையாக, வரிசைக்கு 13 ஆடு என்று மிச்சமில்லாமல் நிறுத்தலாம். 97 ஆடுகளை அப்படி நிறுத்த முடியுமா?

முடியும் என்றே வைத்துக்கொள்வோம். வரிசைகளின் எண்ணிக்கை ஒரு காரணி, ஒரு வரிசையில் உள்ள ஆடுகள் இன்னொரு காரணி. இரண்டுமே 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெருக்கற்பலன் 100ஐத் தொட்டுவிடும். நம்மிடம் இருப்பதோ 97. ஆகவே இரண்டில் ஒன்றாவது 10ஐ விடச் சிறியதாக இருந்தே ஆக வேண்டும். 10ஐ விடச் சிறிய பகா எண்கள் 2, 3, 5, 7 என்ற நான்கு மட்டுமே. 97ஐ இந்த நான்காலும் வகுத்துப் பாருங்கள். மீதி முறையே 1, 1, 2, 6. முடிந்தது. இனி உலகத்தில் யாராலும், எந்தக் காலத்திலும் 97ஐப் பிரிக்க முடியாது.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதியிருக்கும். வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும் என்ற இந்த விதியை நாம் சொல்லித் தருகிறோம். ஆனால் ஏன் அங்கே நிறுத்தலாம் என்பதைப் பல நேரம் சொல்வதில்லை. எரட்டோஸ்தனிஸ் சல்லடையில் 7இன் மடங்குகளை அடித்ததும் 100 வரைக்கும் வேலை முடிந்துவிடுவது ஏன் என்று குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ‘ஏன்’ தெரிந்த குழந்தைக்குப் பட்டியல் தேவையில்லை. 101, 103, 107, 109, 113 ஆகியவற்றையும் அதே நான்கு வகுத்தல்களால் தானே கண்டுபிடித்துவிடும்.

ஏமாற்றும் அமைப்பு

இப்போது எண்ணைப் பெரிதாக்குவோம். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்லியிருப்போம். ஒவ்வொரு கட்டம் வரையிலும் மொத்தம் எத்தனை நெல் என்று கூட்டச் சொல்லுங்கள். 1, 3, 7, 15, 31, 63, 127 என்று வரும். n கட்டங்கள் வரை மொத்தம், 2இன் n ஆம் அடுக்கிலிருந்து 1 குறைவு.

இவற்றில் எவை பகா எண்கள்? 2ஆம் கட்டத்தில் 3, 3ஆம் கட்டத்தில் 7, 5ஆம் கட்டத்தில் 31, 7ஆம் கட்டத்தில் 127. நான்கும் பகா எண்கள். 4ஆம் கட்டத்தில் 15, 6இல் 63, 8இல் 255, 9இல் 511, 10இல் 1023. அனைத்தும் பகு எண்கள். வகுப்பில் சுறுசுறுப்பான ஒரு குழந்தை எழுந்து, “கட்டத்தின் எண் பகா எண்ணாக இருந்தால் மொத்தமும் பகா எண்” என்று சொல்லிவிடும். நாமும் கைதட்டிவிடுவோம்.

அடுத்த பகா எண் 11. பதினோராம் கட்டம் வரை மொத்தம் 2047. அது 23 × 89. அமைப்பு உடைந்துவிட்டது.

ஆசிரியருக்கு இது ஒரு நல்ல தருணம். நான்கு முறை சரியாக வந்தது ஐந்தாம் முறைக்கு உத்தரவாதம் இல்லை என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. கட்டத்தின் எண் பகு எண் என்றால் மொத்தமும் பகு எண் என்பதை நிறுவலாம். பகா எண் என்றால் எதுவும் நடக்கலாம். 13, 17, 19 ஆகிய கட்டங்களில் மறுபடி பகா எண்கள் வருகின்றன. 23, 29இல் வருவதில்லை. 31ஆம் கட்டத்தில் வரும் மொத்தம் 2,14,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

இது பகா எண்ணா? அந்தப் பையன் கேட்டது போலவே கேட்போம். எப்படித் தெரியும்?

ஆய்லர் குறைத்த வேலை

வர்க்கமூல விதிப்படி இதை 46,340 வரையுள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் நான்காயிரத்துக்கும் மேல் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆய்லர் இதைக் கையாலேயே செய்து முடித்தார். அவருடைய முடிவு 1772இல் வெளிவந்தது. அவர் நான்காயிரம் தடவை வகுக்கவில்லை. வேலையை எப்படிக் குறைத்தார் என்பதைப் பார்க்க 2047க்குத் திரும்புவோம்.

2047இன் காரணிகள் 23, 89. இரண்டிலிருந்தும் 1ஐக் கழியுங்கள். 22, 88. இரண்டுமே 22ஆல், அதாவது 11இன் இருமடங்கால் வகுபடுகின்றன. இது தற்செயல் அல்ல. கட்டத்தின் எண் 2ஐத் தவிர்த்த ஒரு பகா எண்ணாக இருந்தால், மொத்தத்தின் ஒவ்வொரு பகாக் காரணியும் அந்தக் கட்ட எண்ணின் இருமடங்கால் வகுக்கும்போது மீதி 1 தரும். ஆகவே 31ஆம் கட்டத்து எண்ணுக்குக் காரணி ஏதேனும் இருந்தால் அது 62ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும். 63, 125, 187, 249, 311, 373 என்று போகும் இந்த வரிசையில் 46,340க்குள் மொத்தம் 747 எண்களே உள்ளன. அவற்றிலும் 63, 125, 187, 249 போன்ற பகு எண்களை விட்டுவிடலாம். ஆய்லர் இதற்கு மேலும் ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பட்டியலை இன்னும் சுருக்கினார். மிஞ்சியவற்றால் வகுத்தார். எதனாலும் வகுபடவில்லை. 2,14,74,83,647 பகா எண் என்பது உறுதியாயிற்று.

இந்த எண்ணை உங்கள் மாணவர்கள் அறியாமலே சந்தித்திருப்பார்கள். இரும முறையில் எழுதினால் இது முப்பத்தொரு 1கள். குறியோடு கூடிய 32 பிட் இடத்தில் கணினி எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. 2014இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலை யூடியூபில் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது, எண்ணும் கருவியை அந்த நிறுவனம் 64 பிட்டுக்கு மாற்றியது. எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு பண்பும் உண்டு. 28இன் காரணிகளில் 28ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 1 + 2 + 4 + 7 + 14, மறுபடி 28 வரும். இவை நிறைவு எண்கள். நெல் கணக்கில் பகா எண் வரும்போதெல்லாம் அந்த மொத்தத்தைக் கடைசிக் கட்டத்து நெல்லால் பெருக்கினால் ஒரு நிறைவு எண் கிடைக்கும். 3 × 2 = 6. 7 × 4 = 28. 31 × 16 = 496. இது யூக்ளிட் காலத்திலேயே தெரியும். 31ஆம் கட்டத்து எண் தரும் நிறைவு எண்ணுக்கு 19 இலக்கங்கள்.

மொத்தம் சரி, உள்ளே தவறு

சரி, எண் இன்னும் பெரிதானால்? நூறு இலக்க எண் ஒன்றைத் தந்தால்? அதன் வர்க்கமூலத்திற்கு ஐம்பது இலக்கங்கள். நொடிக்கு நூறு கோடி முறை வகுக்கும் கணினியை உட்கார வைத்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஒவ்வோர் இரண்டு இலக்கம் கூடும்போதும் வேலை பத்து மடங்காகிறது. எனவே வகுத்துப் பார்க்காமலேயே கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழி நமக்கெல்லாம் பழக்கமான பாஸ்கல் முக்கோணத்தில் இருக்கிறது. மேலே உள்ள இரண்டைக் கூட்டிக் கீழே எழுதும் அதே முக்கோணம்தான். இரண்டாவது எண்ணாக 7 வரும் வரிசையைப் பாருங்கள்: 1, 7, 21, 35, 35, 21, 7, 1. இருபுறமும் உள்ள 1களை விட்டுவிட்டால் எல்லாமே 7ஆல் வகுபடும். 6இன் வரிசை: 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15ம் 20ம் 6ஆல் வகுபடவில்லை. 11இன் வரிசையில் 11, 55, 165, 330, 462 எல்லாம் 11ஆல் வகுபடும். 9இன் வரிசையில் 9, 36, 84, 126 வரும். அதில் 84 அகப்பட்டுக்கொள்கிறது.

நான்கு உதாரணத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். எனவே காரணம் கேட்க வேண்டும். 35 என்பது 7 × 6 × 5ஐ 3 × 2 × 1ஆல் வகுத்து வருவது. மேலே 7 இருக்கிறது. கீழே இருப்பவை எல்லாம் 7ஐ விடச் சிறியவை. 7 பகா எண் என்பதால் அவற்றால் 7ஐ அடித்துத் தள்ள முடியாது. அது அப்படியே நிற்கிறது. 84 என்பது 9 × 8 × 7ஐ 3 × 2 × 1ஆல் வகுத்து வருவது. கீழே உள்ள 3, மேலே உள்ள 9இல் ஒரு 3ஐ அடித்துவிடுகிறது. பக்கத்தில் உள்ள 8க்கும் 7க்கும் 3 என்ற காரணி இல்லை, அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. எந்தப் பகு எண்ணுக்கும் இந்த இழப்பு அதன் வரிசையில் ஓரிடத்தில் நடந்தே தீரும். ஆகவே இந்தச் சோதனை பொய் சொல்லாது. நடுவில் உள்ளவை எல்லாம் வகுபட்டால் பகா எண், ஒன்று தவறினாலும் பகு எண். பதினோராம் வகுப்பு ஈருறுப்புத் தேற்றம் நடத்துபவர்கள் இதை முழு நிரூபணமாகவே எழுதிக் காட்டலாம்.

ஒரே ஒரு சங்கடம். நூறு இலக்க எண்ணின் வரிசையை எழுத இந்த உலகத்தில் காகிதம் இல்லை. அதனால் ஒரு குறுக்குவழி. தனித்தனியாகப் பார்க்காமல் வரிசையின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் என்ன? 7இன் வரிசையைக் கூட்டினால் 128, அதாவது 2இன் 7ஆம் அடுக்கு. இரண்டு 1களையும் கழித்தால் 126. அது 7ஆல் வகுபடும். 9இன் வரிசைக்கு 512இலிருந்து 2 போக 510. அது 9ஆல் வகுபடாது, 9 அகப்பட்டுவிட்டது. இந்தக் கூட்டுத்தொகையை வரிசையை எழுதாமலே கணக்கிடலாம். 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்ன சிறிய தேற்றத்தின் ஒரு வடிவம்தான் இது.

ஆனால் பதிவேடு எழுதிப் பழகிய நமக்கு ஒன்று தெரியும். உள்ளே பதிவுகள் தவறாக இருந்தும் கடைசி மொத்தம் சரியாக வந்துவிடக் கூடும். அதுவே இங்கும் நடக்கிறது. 341ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 11 × 31, பகு எண். ஆனால் 2இன் 10ஆம் அடுக்கு 1024. அதை 341ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2இன் 340ஆம் அடுக்குக்கும் மீதி 1, 341ஆம் அடுக்குக்கு மீதி 2. இரண்டைக் கழித்தால் வகுபட்டுவிடும். பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் படித்த மாணவர்கள் இதைத் தாங்களே சரிபார்ப்பார்கள். 341 பகா எண் போல நடித்துத் தப்பித்துவிடுகிறது.

2க்குப் பதிலாக 3, 5, 10 என்று வேறு எண்களின் அடுக்குகளை வைத்துச் சோதிக்கலாமே என்பீர்கள். 341 அதில் அகப்படும். ஆனால் எதை வைத்தாலும் அகப்படாத எண்களும் உண்டு. அவற்றில் ஒன்று நமக்கு நெருங்கிய எண். 1729. ஹார்டி வந்த வாடகை வண்டியின் எண் என்று நாம் ஆண்டுதோறும் கணித நாளில் சொல்லும் அதே இராமானுஜன் எண். இரண்டு விதமாக இரு கனங்களின் கூடுதலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்பது எல்லோருக்கும் தெரியும். அது 7 × 13 × 19 என்பதும், இந்த மூன்று காரணிகளிலிருந்தும் 1ஐக் கழித்தால் வரும் 6, 12, 18 ஆகிய மூன்றும் 1728ஐ மீதியின்றி வகுக்கின்றன என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதனால்தான் எந்த எண்ணின் 1729ஆம் அடுக்கிலிருந்து அந்த எண்ணைக் கழித்தாலும் அது 1729ஆல் வகுபட்டுவிடும். இத்தகைய வேடதாரிகளுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105, 1729 என்று தொடங்கும் அவை முடிவின்றி உள்ளன என்று 1994இல் நிறுவினார்கள்.

கான்பூரில் கிடைத்த விடை

இப்போது நிலைமை புரிகிறது. முழு வரிசையையும் பார்த்தால் உண்மை தெரியும், ஆனால் நேரம் போதாது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் நேரம் போதும், ஆனால் ஏமாந்துவிடலாம். உறுதியாகவும், எந்த எண்ணுக்கும் பொருந்துவதாகவும், வேகமாகவும் ஒரு முறை உண்டா? நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் நம்பியிருக்காத முறையாகவும் அது இருக்க வேண்டும். உலகின் பெரிய பெரிய கணித அறிஞர்கள் தேடினார்கள்.

விடை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது. கணினி அறிவியல் பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவரோடு நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னவர் இருவரும் அந்த ஆண்டுதான் அங்கே பி.டெக். முடித்தவர்கள். மாணவர்களாக அவர்கள் எடுத்துக்கொண்ட திட்டப்பணியின் தொடர்ச்சிதான் இது. மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.கே.எஸ். சோதனை என்கிறார்கள். 2004இல் ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் அந்தக் கட்டுரை வெளியானது. 2006இல் அதற்குக் கோடல் பரிசு கிடைத்தது.

அவர்கள் தொடங்கிய இடம் நாம் பார்த்த பாஸ்கல் முக்கோணம்தான். முழு வரிசை வேண்டாம், ஒற்றை மொத்தமும் வேண்டாம். வரிசையில் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் எண்களை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உட்கூட்டல் போடு. பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் போடுவது போல. பிறகு அந்த வரிசைக்கு வேறு வேறு எடை கொடுத்து இதே சோதனையைச் சில தடவை திரும்பச் செய். வரிசையை எழுதாமலே, திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி இந்த உட்கூட்டல்களைக் கணக்கிட்டுவிடலாம். குழுக்களின் எண்ணிக்கையையும் தடவைகளின் எண்ணிக்கையையும் எவ்வளவு வைத்தால் எந்த வேடதாரியும் தப்ப முடியாது என்பதை அவர்கள் நிரூபித்தார்கள். சிறிய காரணி உண்டா, எண் ஏதேனும் ஒன்றின் அடுக்கா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் செம்மைப்படுத்திய வடிவில், இலக்கங்களின் எண்ணிக்கை இருமடங்கானால் வேலை ஏறத்தாழ 64 மடங்காகும். இது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் வகுத்துப் பார்க்கும் முறையில் 50 இலக்கத்திலிருந்து 100 இலக்கத்துக்குப் போனால் வேலை 1க்குப் பின் 25 பூச்சியம் மடங்காகும்.

நடைமுறையில் இன்றும் இதைவிட வேகமான, மிகமிகச் சிறிய ஐயத்துக்கு இடம் தரும் சோதனைகளையே கணினிகள் பெரிதும் பயன்படுத்துகின்றன. சந்தையில் கைப்பேசியால் பணம் அனுப்பும்போது அதைக் காக்கும் பூட்டுகளில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்கள் உண்டு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததைத் திரும்பப் பிரிப்பது கடினம் என்பது அத்தகைய பூட்டுகளில் ஒன்றுக்கு அடிப்படை. ஓர் எண் பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். ஏ.கே.எஸ். சோதனை முதலாவதைச் சொல்லும், இரண்டாவதைச் சொல்லாது.

நெல் கணக்குக்கு மட்டும் இன்னும் எளிதான தனிச் சோதனை உண்டு. லூக்கா, லேமர் இருவரின் பெயரால் வழங்குவது. 4இல் தொடங்கு. வர்க்கப்படுத்தி 2ஐக் கழி. மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய். 31க்குச் செய்வோம். 4இலிருந்து 14. 14இலிருந்து 194. 31ஆல் வகுத்தால் மீதி 8. 8இலிருந்து 62. மீதி 0. கட்ட எண்ணான 5ஐ விட இரண்டு குறைவாக, மூன்று படிகளில் பூச்சியம் வந்துவிட்டது. ஆகவே 31 பகா எண். 127க்கு ஐந்து படி. 14, 67, 42, 111, 0. ஏழாம் வகுப்புக் குழந்தை செய்யும் கணக்கு இது. இன்று நாம் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதே வகையில் 13,62,79,841ஆம் கட்டத்தில் வருவது. 2024 அக்டோபரில் கண்டறிந்தார்கள். அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் நிறுத்தாமல் வாசித்தால் 474 நாள்களுக்கு மேலாகும். இதைவிடப் பெரிய பகா எண்களும் முடிவில்லாமல் உண்டு.

வகுப்பறைக்கு

இவ்வளவும் ஆறாம் வகுப்புக்கு எதற்கு என்று கேட்கலாம். ஏ.கே.எஸ். சோதனையை நாம் நடத்தப்போவதில்லை. நான் கேட்டுக்கொள்வது மூன்றே மூன்று.

ஒன்று, பகா எண் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஓர் எண்ணைக் கொடுத்து, அது பகா எண் என்றால் எத்தனை வகுத்தல்களில் அதைக் காட்டுவாய் என்று கேளுங்கள். விடைக்கு ஒரு மதிப்பெண் என்றால் காரணத்துக்கு இரண்டு கொடுங்கள்.

இரண்டு, அமைப்பு உடையும் இடத்தை மறைக்காதீர்கள். நெல் கணக்கை 7ஆம் கட்டத்தோடு நிறுத்திவிடாமல் 11 வரை கொண்டு போங்கள். 2047இல் குழந்தைகள் ஏமாறட்டும். அந்த ஏமாற்றம்தான் நிரூபணம் என்ற ஒன்று ஏன் வேண்டும் என்பதைக் கற்றுத் தரும்.

மூன்று, விடை தெரியாத கேள்வி வந்தால், “தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். பிறகு மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த மாணவனைச் சில ஆண்டுகளுக்கு முன் இதே அய்யலூர்ச் சந்தையில் பார்த்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் தொழிலைச் செய்கிறார். ஓர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்க வந்தவர் ஆட்டின் வயதைச் சொல்லிக்கொண்டே இருந்தார், இவர் காதில் வாங்கவே இல்லை. வேலை முடிந்ததும் என்னை அடையாளம் கண்டு, டீ வாங்கிக் கொடுத்தார். 97 கதையை நான் நினைவுபடுத்தினேன். நான்கு வகுத்தல்களையும் அங்கேயே சொன்னேன். சிரித்தார். “அப்பவே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும் சார்” என்றார். பிறகு, “எங்க தொழில்ல சொன்னத நம்பி ஆடு வாங்க மாட்டோம். பல்லப் பாத்துட்டுதான் வாங்குவோம். அந்தப் பழக்கத்துலதான் அன்னைக்குக் கேட்டேன்” என்றார்.

பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் எதையும் ஏற்காதே என்று அந்தக் குழந்தைக்கு வீடு சொல்லிக்கொடுத்திருந்தது. கணிதத்தின் முதல் பாடமும் அதுவே. அதோடு வகுப்புக்கு வந்தவனிடம், நம்பிக்கொள், மனப்பாடம் செய் என்று நான் சொல்லி அனுப்பினேன். அவருடைய படிப்பு நின்றதற்கு அந்த ஒரு பதில்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்னிடம் கேட்பதை நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

நாளை உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை “எப்படித் தெரியும்?” என்று கேட்கும். அப்போது 97ஐயும் அந்த நான்கு வகுத்தல்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.